எண்பத்தொன்பது எப்படி இருக்கிறது?

ஆல்டர்கிளஃப் மாலைச் செய்தி ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் அச்சு இயந்திரமும் நலமென நம்புகிறேன்.

காய்ச்சல் ஆஸ்பத்திரி நோயாளிகளின் நிலையைச் சொல்லும் எண்களை இனி வெளியிடுவதில்லை என்று அறிவித்திருக்கிறீர்கள். ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி வந்துவிட்டதாம், அதில் கேட்டுக்கொள்ளலாமாம். என் மகள் ரூத் திங்கள் முதல் உள்ளே. அவள் எண் 31. தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

போர் முடிந்த மறுவருடம் என் தங்கை மேபலுக்கும் இதே சிவப்புக் காய்ச்சல். ஆஸ்பத்திரியின் சாம்பல் நிற வண்டி வந்து அவளைக் கொண்டுபோனது. நகரசபை ஆட்கள் ஜன்னல் இடுக்குகளில் காகிதம் ஒட்டி, கிருமி சாகக் கந்தகம் கொளுத்தினார்கள். நர்ஸ் அம்மாவிடம் வட்டப் பித்தளை வில்லை ஒன்றைத் தந்தாள். 89. அக்கம்பக்கத்துக்குத் தெரியக்கூடாதென்று பேப்பரில் எண் மட்டும்தான். தெருவுக்கே தெரியும்.

பேப்பரில் குதிரைப் பந்தய முடிவுகளுக்குக் கீழே ஆஸ்பத்திரிப் பட்டியல். அப்பா வாசலில் விரித்துப் படிப்பார்.

"எண்பத்தொன்பது எப்படிய்யா ஓடுது?" என்பார் பக்கத்து வீட்டு ஆக்ராய்ட்.

"வாயக் கழுவு. அது என் பொண்ணு."

"தெரியும்யா. அதான் கேக்கறேன்."

ஒரு மாலை 89, 'அபாயம்' வரிசையில். ஆக்ராய்ட் தொப்பியைக் கழற்றினார். அவர் மனைவி சூப் கொண்டுவந்தாள். "குடிடி. நீ விழுந்தா அவள யாரு பாப்பா?" அம்மா குடிக்கவில்லை. ஆஸ்பத்திரி மதிலோரம் மழையில் போய் நின்றாள். தினமும் நின்றாள். பிறகு, 'தேறி வருகிறது'. ஆக்ராய்ட் தெருவுக்கே பீர் வாங்கினார்.

மேபல் ஆஸ்பத்திரியிலிருந்து குண்டாக வெளியே வந்தாள்.

"அபாயமா? எனக்கா? தினம் ரெண்டு கிண்ணம் பால்சோறு தின்னேன்."

வாயிலில் நர்ஸ் வில்லையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "இது அறுபத்தெட்டும்மா. தலகீழாப் புடிச்சிருக்கீங்க."

"அப்ப எண்பத்தொன்பது யாரு?"

"பேரு சொல்லக் கூடாதும்மா."

மேபல் வீட்டில் இருந்தாள். அம்மா 89-ஐத் தொடர்ந்து படித்தாள், அது பட்டியலை விட்டு வீடு போகும்வரை.

எனவே, ஐயா, எண்கள் வரட்டும். தங்கள் வீட்டுக்கு மட்டும் எந்த எண்ணும் வராதிருக்கட்டும்.

பணிவுடன்,
எட்கர் பெல்
கம்பளித் தெரு

பி.கு.: மேற்கண்டதை மறந்துவிடுங்கள். வரிசையில் நின்று மதுக்கடைத் தொலைபேசியில் கேட்டேன். ரூத் தேறி வருகிறாளாம். பெயர் சொல்லியே சொன்னார்கள். இனி எண்கள் தேவையில்லை. ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சரிடா. இப்ப உள்ள இருக்கற எண்பத்தொன்பது எப்படி இருக்காம்?"

மறுபடி வரிசையில் நிற்கிறேன்.