தொலைந்துபோன ‘பெ’

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்கள் சமூகத்திற்கு,

கூட்டேரிப்பட்டு ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் பெரியசாமி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு மழை இல்லை, கொல்லையில் மல்லாட்டைக் கடலை காய்கிறது, மற்றபடி சுகம். தாங்களும் தங்கள் அச்சகத்தாரும் நலமாக இருக்க வேண்டும். இருந்தால்தானே பதில் சொல்ல முடியும்.

போன செவ்வாய்க்கிழமை தங்கள் பத்திரிகையின் ஏழாம் பக்கத்தில், மாநில வட்டெறிதலில் விழுப்புரம் மாவட்டத்துப் பெண் தங்கம் வென்றதாகச் செய்தி வந்தது. தங்கம் வாங்கியவள் என் மகள் கலைமதி. படம் அவளுடையதல்ல. திண்டிவனத்துக்காரி ஒருத்தி, அதே கலைமதி என்கிற பெயரில் டிவி சீரியலில் மருமகளாக வந்து மாமியார் குழம்பில் பேதி மாத்திரை கலக்குகிறாளே, அவள் படம். அதுவாவது போகட்டும். ‘பூ. கலைமதி’ என்று போட்டிருக்கிறீர்கள். பூ அந்த நடிகையின் அப்பன் எழுத்தாக இருக்கும். என் எழுத்து ‘பெ’. பெற்றவன் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கும்போதே அதை எடுத்துவிட்டீர்கள்.

நான் கண்ணாடி போடாமல் தலைப்பை மட்டும் படித்துவிட்டு பிளக்ஸ் கடைக்குப் போன் போட்டு, “பேப்பர்ல வந்துகீது பாரு, அதே போட்டோவப் போட்டு ஜல்தியா அடி, அப்பன் பேரப் பெருசாப் போடு” என்றேன். சாயங்காலமே கூட்டுரோட்டில் பத்தடி உயரத்துக்குக் கட்டிவிட்டான். மேலே அந்த நடிகை முறைத்துக்கொண்டு நிற்கிறாள், கீழே நான் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறேன். அன்னியிலேர்ந்து ஒரே பேஜாரு சார். மயிலம் பஸ்ஸுல ஏறினா பொம்பளைங்க, “இன்னா கண்டக்டரே, பொண்ண இப்டியா வளத்து வெச்சிக்கிறீங்க, பாவம் அந்த மாமியாரு” ன்றாங்க. கண்டாச்சிபுரத்துலேர்ந்து பொண்ணு பாக்க வரதா இருந்த கோகுலகிருஷ்ணனோட அம்மா, “எங்க வூட்ல நானே கொழம்பு வெச்சிக்கறேங்க” ன்னு போன வெச்சிடுச்சி. வெளையாட்டுக்குச் சொல்லிச்சா, நெசமாவே சொல்லிச்சான்னு இன்னும் வௌங்கல.

இத்தனைக்கும் என் மகளை ஆளாக்கியவன் நான். ஆரம்பத்தில் கண்டித்தது உண்டு. பொம்பளப் புள்ள தட்டு எறிஞ்சி இன்னா ஆவப்போவுது என்று அதைத் தூக்கிக் கிணற்றில் போட்டதும் உண்டு. போட்டிக்குப் போக அனுமதிக் கடிதம் கொண்டுவந்தபோது கையெழுத்துப் போடாமல் விட்டதும் உண்டு. அப்பன் என்றால் அப்படித்தான் இருப்பான். அதற்காக எழுத்தையே எடுத்துவிடுவதா? சான்றிதழ் எங்கள் வீட்டில் மாட்டியிருக்கிறது. அதில் இங்கிலீஷில் பளிச்சென்று ‘பி. கலைமதி’ என்று இருக்கிறது. பி என்றால் பெரியசாமி. வேறு எவன்?

ஆகவே நாளைக்கே ‘பெ’யைக் கொட்டை எழுத்தில் போட்டுத் திருத்தம் வெளியிடவும். தவறினால் வக்கீலோடு வருவேன். தங்கள் பத்திரிகை தழைக்கவும், தங்கள் பிள்ளைகள் தங்கள் எழுத்தோடு நீடூழி வாழவும் மயிலம் முருகன் அருளட்டும்.

இப்படிக்கு,
பெ. கலைமதியின் தந்தை
ந. பெரியசாமி

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன் மகளிடம் படித்துக் காட்டினேன். பாதிவரை சிரித்தாள். அப்புறம் சிரிக்கவில்லை. “போட்டோ மட்டுந்தாம்பா தப்பு. பூ சரிதான், பேப்பர்காரங்களுக்கு நாந்தான் எழுதிக் குடுத்தேன். கையெழுத்துப் போட்டது அம்மா. கெணத்துல ஆள எறக்கித் தட்ட எடுத்துக் குடுத்ததும் அம்மா. காலேஜ் சேரும்போதே கெஜட்ல மாத்திட்டேன்” என்றாள். என் சம்சாரத்தின் பெயர் பூமாலை. இருபத்தாறு வருஷமாக ‘இந்தாமே’ என்றே கூப்பிட்டு வருவதால் சட்டென்று தோன்றவில்லை. அதற்கும் இங்கிலீஷில் பி தானாம்.

ஆகவே படத்தை மட்டும் மாற்றினால் போதும். மேலே நான் ஒப்பமிட்ட இடத்தில் ‘பெ’யை அடித்துவிட்டுப் படித்துக்கொள்ளவும். ‘தந்தை’யை அடிக்கும்படி அவள் சொல்லவில்லை, அது இருக்கட்டும்.