ஆயில் சூடு

குடவாசல் தாண்டியதும் மீட்டர் முள் நூற்று நாற்பதைத் தொட்டது. குழந்தைராஜ் வண்டியை ஓரங்கட்டினார். ஓரம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சாலையில் பாதியை யாரோ குறுவை நெல் காயப்போட எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏங்க, ஏன் நிறுத்துனீங்க?"

ஓட்டுகிற இடத்துக்கும் பின்கட்டுக்கும் நடுவே பலகை அடைத்திருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து வந்தது மனைவி அருள்மேரியின் குரல்.

"ஆயில் சூடாயிருச்சு மேரி."

"எனக்கும்தான் இங்க சூடா இருக்கு. நான் நிக்கிறேனா? வண்டியை எடுங்க."

வண்டி வீட்டுக்கு வந்து பத்து நாள். படுக்கை, அலமாரி, பதித்த அடுப்பு எல்லாம் உள்ள பழைய வேன். வலங்கைமானில் அதைக் கேரவன் என்று சொல்லிச் சிரித்தார்கள். துபாயிலிருந்து திரும்பிய ரெமிஜியஸ் அண்ணன், ஊர் ஊராகத் தங்கிப் பலகாரம் போட அமைத்தது. முப்பது வருஷம் அங்கே சமையல்காரராக இருந்தவர். உப்பை சால்ட் என்பார், அரிசியை ரைஸ் என்பார். அவருக்கு அலைச்சல் அலுத்துப்போனது. குழந்தைராஜுக்கும் அருள்மேரிக்கும் வயலில் குனிய முழங்கால் இடம் கொடுக்காமல் போனது. வண்டி கைமாறியது.

"எல்லாத்துக்கும் சீட்டு எழுதி ஒட்டியிருக்கேன், படிச்சுக்க" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார் அண்ணன்.

நாற்பத்தைந்து வயதில் மாலை வகுப்பில் எழுத்துப் படித்தவர் குழந்தைராஜ். அன்றே விரல் வைத்து எல்லாச் சீட்டையும் படித்துவிட்டார். விளக்கு. விசிறி. ஸ்டியரிங் பக்கத்தில் தனியாக ஒரு வட்ட மீட்டர். அதன் கீழே, ஆயில் சூடு. ஒன்பது நாளும் அந்த முள் படுத்தே கிடந்தது. இன்றைக்குத்தான் எழுந்தது.

இன்றைக்குத்தான் முதல் வியாபாரமும். கீழ்வேளூரில் நாலு மணிக்கு ஒரு நிச்சயதார்த்தம். முந்நூறு வாழைக்காய் பஜ்ஜி, சட்டியிலிருந்து நேராகத் தட்டுக்கு வரவேண்டும் என்று பெண் வீட்டார் சொல்லியிருந்தார்கள். "இந்த மனுஷனை நம்பி அங்க போயா அடுப்பு பத்த வைக்கிறது" என்று அருள்மேரி கிளம்பும்போதே வேலையைத் தொடங்கிவிட்டாள். கூடவே ஒன்று சொல்லியிருந்தாள். "இன்னிக்கு மட்டும் நேரத்துக்குப் போகலை, வண்டியைத் திருப்பிக் கொடுத்துருவோம். நான் பழையபடி நடவுக்குப் போறேன்."

அந்த முழங்காலை வைத்துக்கொண்டு அவள் சேற்றில் இறங்குவதைக் குழந்தைராஜால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். நின்றால் ஆறும். ஆறவில்லை. முள் நூற்றைம்பதுக்குப் போனது. நூற்று அறுபதுக்குப் போனது.

"மேரி, நின்னா ஏறுது!"

"நீங்க நிக்கிறதுன்னா நில்லுங்க. நான் என் வேலையைப் பாக்குறேன்."

பக்கத்து வயலில் சம்பா நடவு. முன்பு அருள்மேரியோடு நடவு நட்ட மலர்க்கொடி நிமிர்ந்து பார்த்துக் கத்தினாள். "என்ன சித்தப்பா, கேரவனுக்குக் காய்ச்சலா? ஈரத்துணியைப் போடுங்க!"

வரிசையே சிரித்தது. அவள் கேலிக்குச் சொன்னாள். அவருக்கு அது சரியாகத்தான் பட்டது. வாய்க்காலில் சாக்கை நனைத்துவந்து இஞ்சின்மேல் போர்த்தினார். தண்ணீர் எந்த ஒயரில் இறங்கியதோ, ஹாரன் அலற ஆரம்பித்தது. நிற்கவே இல்லை.

அப்படியே ஓட்டினார். பெரிய அதிகாரி யாரோ வருகிறார் என்று நினைத்து, வழியெல்லாம் ஆட்கள் நெல்லை அவசரமாக ஒதுக்கினார்கள். ஒரு பெரியவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிடு போட்டார். குழந்தைராஜ் தலையைக் குனிந்துகொண்டார்.

திருவாரூருக்கு முன்னால் பக்கீர் முகம்மது பட்டறை. பாய் முதலில் ஹாரன் ஒயரைக் கத்தரித்தார்.

"மொதல்ல இது வாயை அடைப்போம். சொல்லுங்கண்ணே."

"ஆயில் சூடு பாய். நூத்தி அறுபத்தஞ்சு."

"நூத்தி இருபதே அதிகமாச்சே!" பாய் மீட்டரை உற்றுப் பார்த்தார். "இந்த வண்டிக்கு இப்படி ஒரு மீட்டரே வராது. யாரோ விவரமான ஆளு வச்சிருக்காரு."

"ரெமிஜியஸ் அண்ணன். துபாய்ல இருந்தவரு."

"அதான பாத்தேன்."

பாய் ஆயில் குச்சியை உருவித் தொட்டுப் பார்த்தார். இஞ்சினில் உள்ளங்கையை வைத்தார். நெற்றியைச் சொறிந்தார்.

"கை வச்சா அவ்வளவா சுடலை. மீட்டர் மட்டும் ஏறுது."

"அப்படின்னா?"

"உள்காய்ச்சல்."

குழந்தைராஜுக்குப் புரிந்தது. அவருக்கே இரண்டு தடவை வந்திருக்கிறது.

பழைய ஆயிலை இறக்கிவிட்டுப் புது ஆயிலை ஊற்றினார் பாய். அதே நேரம் பின்கட்டில் அருள்மேரி எதையோ பல்லால் கடித்துப் பிரிப்பது கேட்டது. முள் சரசரவென்று இறங்கித் தொண்ணூறில் நின்றது.

"பாத்தீங்களா!" என்றார் பாய்.

"பாய், நீங்க நல்லா இருக்கணும்!"

டீ வந்தது. இரண்டு பேரும் ஒரு வாய் குடிப்பதற்குள் முள் நூற்று முப்பது. டீ முடியும்போது நூற்று எண்பது.

பாய் கிளாஸைக் கீழே வைத்தார். "அண்ணே, வேற வழியில்லை. பிரிச்சுரலாம். நாப்பது நிமிஷம்."

மணி அப்போது இரண்டே முக்கால். மூன்றரைக்கு இஞ்சின் பாதி, விரித்த சாக்கில் துண்டு துண்டாகக் கிடந்தது. மீதிப் பாதி, கழலாத ஒரு போல்ட்டுக்குப் பின்னால் இருந்தது. பாய் அந்த போல்ட்டைத் திட்டிக்கொண்டிருந்தார்.

பின்கதவு திறந்தது. கையெல்லாம் கடலைமாவோடு அருள்மேரி இறங்கினாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினாள். சாக்கைப் பார்த்தாள். போல்ட்டைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். கத்துவாள் என்று குழந்தைராஜ் காத்திருந்தார். அவள் கத்தவில்லை.

"மாவு புளிக்குது. வாழைக்காய் கறுக்குது. அடுப்பு அது பாட்டுக்கு எரியுது. போடவா, வேணாமா? அதையாவது சொல்லுங்க."

அவர் பாயைப் பார்த்தார். பாய் போல்ட்டைப் பார்த்தார்.

"சரி. நாளைக்கு யார் வயல்ல நடவுன்னு மலர்க்கொடிகிட்ட கேட்டு வைங்க."

குழந்தைராஜ் போனை எடுத்தார். கிரீஸ் விரலால் ரெமிஜியஸ் அண்ணன் பெயரைத் தேடி அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டார். காதில் வைத்துக்கொள்ளக்கூடத் தெம்பில்லை.

"அண்ணே, வண்டியை நீங்களே எடுத்துக்கங்க. எங்களால முடியலை."

"ஏன்யா, என்னாச்சு?"

"நீங்க சீட்டு ஒட்டுனீங்களே, ஆயில் சூடுன்னு. அந்த முள்ளு நூத்தி எண்பதுல நிக்குதுண்ணே. இறங்கவே மாட்டேங்குது."

"நூத்தி எண்பதா? அப்புறம் என்னய்யா வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கிற? சட்டியில ஆயில் பதமா காஞ்சிருச்சு, அருள்மேரியை வாழைக்காயைப் போடச் சொல்லு!"