மூன்றாம் கியருக்குப் போகாத கார்

தன் காரின் கியர்பாக்ஸை வேறெந்த ஆண்மகனும் பிரிக்கக் கூடாது என்று நீலகண்டன் சபதம் செய்தது கரமனைப் பாலத்தின் மேல் வைத்து. ஆற்றைத் தவிர வேறு யாரும் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி பாகீரதி மட்டும் கேட்டாள். அதுதான் வினையாயிற்று.

காரணம் அற்பம். சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்த ஒருவரிடம் வாங்கிய ஜப்பான் கார் அது. கிளட்ச் கிடையாது, கியர் தானாகவே மாறும். ஒழுங்காக மாறிக்கொண்டும் இருந்தது. அன்று பாலம் ஏறும்போது மட்டும் இரண்டிலிருந்து மூன்றுக்குப் போக ஒரு கணம் யோசித்தது. நீலகண்டன் சர்க்கார் ஆபீஸில் கோப்பு பார்க்கிறவர். ஒரு கணம் என்ன, ஒரு வருஷம் யோசிக்கிற கோப்பெல்லாம் அவர் மேஜையிலேயே உண்டு. கார் யோசித்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"எண்ணெய் குறைஞ்சிருக்கோ என்னமோ. பாத்தேளா?" என்றாள் பாகீரதி.

"இதென்ன தோசைக்கல்லா, எண்ணெய் விட்டாச் சரியாப் போக?"

"இல்லே, சும்மா கேட்டேன்."

"காலம்பறவே பாத்தாச்சு. நிறைய இருக்கு. உள்ளே தகடு தேஞ்சிருக்காக்கும். பிரிக்கணும்."

பாகீரதி போன வருஷமே டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் லைசென்ஸ் எடுத்தவள். அந்த லைசென்ஸ் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் பாச்சா உருண்டை வாசனையோடு தூங்கிக்கொண்டிருந்தது. தை மாதம் நாகர்கோவிலில் தம்பி கைலாஷின் பையனுக்குப் பூணூல். அங்கே தானே ஓட்டிக்கொண்டு போய் இறங்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. கேட்ட போதெல்லாம் நீலகண்டன், "ஆட்டோமேட்டிக் வண்டிக்குத் தனிக் கை வேணும், கேட்டியா" என்பார். இடது காலுக்கு வேலையே இல்லாத வண்டிக்கு என்ன தனிக் கை என்று அவள் திருப்பிக் கேட்டதில்லை. மனசில் வைத்துக்கொண்டாள்.

அன்றே நீலகண்டன் நாகர்கோவிலுக்குப் போன் போட்டார்.

"கைலாஷா, உங்க ஊர் ஒர்க்ஷாப்பையெல்லாம் பூட்டச் சொல்லு. நானே பிரிச்சு நானே சேர்த்த கியர்பாக்ஸோட வரேன்."

"அத்திம்பேர், பஸ்ஸும் ஓடறதே" என்றான் கைலாஷ், மரியாதையாக.

அந்த மரியாதை நீலகண்டனுக்கு மிளகாய்ப்பொடி மாதிரி எரிந்தது. காரில் போய் இறங்கியே ஆகவேண்டும் என்றாகிவிட்டது.

அக்ரஹாரத் தெருவில், வீட்டு வாசலிலேயே, இரண்டு ஜாக்கியும் ஒரு கட்டு செங்கல்லும் வைத்துப் பிரசவம் நடந்தது. தெருவின் பாதி ஆண்கள் தாங்கிப் பிடிக்க, கியர்பாக்ஸ் கீழே இறங்கியது. உள்ளே போகும் எண்ணெய் சிவப்பு. அது பாகீரதியின் கோலத்தைச் சுற்றி ஓடியது.

"செம்மண் வாங்கற செலவு மிச்சம்" என்றாள் அவள்.

கியர்பாக்ஸின் வயிற்றில் எண்ணெய் ஓடுவதற்கு வாய்க்கால் வெட்டின ஒரு கனத்த தகடு. வாய்க்கால்களில் அங்கங்கே எஃகுக் குண்டுகள். பெரிசு, சிறிசு. எண்ணெயை எங்கே விடலாம், எங்கே தடுக்கலாம் என்று காவல் காப்பது அவைதான். இடம் மாறினால் காவல் போச்சு. ஆகவே நீலகண்டன் ஒரு தந்திரம் செய்தார். அலமாரியிலிருந்த பல்லாங்குழிப் பலகையை எடுத்து, குழிக்கு ஒன்றாகக் குண்டுகளை வரிசைப்படி இட்டுக் கூடத்தில் வைத்தார். சில குழி காலி. அதுவும் கணக்குத்தான்.

"புஸ்தகத்திலே படம் இருக்கே" என்றாள் பாகீரதி.

"படம் மூடனுக்கு. எனக்கு இந்த வரிசை போதும்."

தகடு மாற்றி, வளையம் மாற்றி, எல்லாம் மார்கழி முடிவதற்குள் பூட்டியாயிற்று. கார் கிளம்பியது. ஒன்றாம் கியர், 'ஊம்.' இரண்டாம் கியர், 'ஊஊம்.' அப்புறம் மூன்றுக்குப் போக வேண்டிய இடத்தில் 'ஊஊஊஊ' என்று பிள்ளைத்தாய்ச்சி மாதிரி முனகிக்கொண்டு இரண்டிலேயே தங்கிவிட்டது. கைமனம் ஜங்ஷன் வரை அதே முனகல்தான். பின்னால் ஹார்ன் அடித்து அலுத்துப்போன பஸ்ஸிலிருந்து கண்டக்டர் தலையை நீட்டினான்.

"சேட்டா, ஒண்ணு தள்ளித் தரட்டே?"

வீடு திரும்பியதும் பக்கத்து வீட்டு ஆஷா வாசலில் நின்று கேட்டாள். "மாமா, கார் எந்தா இப்படி முக்கறது?"

"புது பாகம். பழகணும்."

அன்றிலிருந்து வைத்தியம். ஆக்ஸிலேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்கு ஒரு கேபிள் போகிறது. கால் எவ்வளவு அழுத்துகிறது என்று அதுதான் போய்க் கோள் சொல்லும். இறுக்கமாக இருந்தால் கியர் தாமதமாக மாறும். தளர்த்தினார். இரண்டு சீக்கிரம் வந்தது, மூன்று வரவில்லை. இறுக்கினார். இரண்டும் கோபித்துக்கொண்டது. அடித்தட்டைக் கழற்றி எண்ணெய் வடிகட்டியைப் பார்த்தார். அது பரம சாதுவாக இருந்தது.

ஒவ்வொரு தடவையும் காருக்கு வெளியே இரண்டு பாதங்கள் வந்து நிற்கும்.

"கேட்டேளா, ஒரு காரியம் சொல்லணும்."

"முறுக்கிண்டிருக்கேன், பேசாதே."

இன்னொரு நாள், "அந்தக் குண்டு விஷயமா..."

"பொம்மனாட்டிக்கு இதிலே என்ன காரியம்? போய்க் காப்பி போடு."

பிறகு பாகீரதி சொல்ல வருவதை நிறுத்திவிட்டாள். அனுபவமுள்ள புருஷன் அங்கேயே பயந்திருப்பான். நீலகண்டன் நிம்மதி என்று நினைத்துக்கொண்டார்.

கடைசியில் வேறு வழியில்லாமல் புஸ்தகத்தைத் திறந்தார். முதல் பக்கத்திலேயே இருந்தது: எண்ணெய் அளவை என்ஜின் சூடாக ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். நிறுத்திவிட்டுப் பார்த்தால் அதிகமாகக் காட்டும். அவர் அன்று நிறுத்திவிட்டுத்தான் பார்த்தார். ஆக, அன்று குறைந்திருந்தது எண்ணெய். ஒரு டப்பா வாங்கி ஊற்றியிருந்தால் பாலத்திலேயே முடிந்த கதை. நீலகண்டன் புஸ்தகத்தை மூடி வைத்தார். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய ஆள் ஒருத்திதான். அவளிடம் எப்படிச் சொல்வது?

பூணூலுக்கு மூன்று நாள் இருக்கையில் பாகீரதி காப்பியோடு ஒரு சின்னத் தட்டையும் கொண்டுவந்து வைத்தாள். தட்டில் இரண்டு எஃகுக் குண்டுகள்.

"இது உங்களுதா பாருங்கோ."

நீலகண்டன் டம்ளரைக் கீழே வைத்தார். "எங்கே கிடைச்சுது?"

"சோழிப் பையிலே."

"சோழிப் பைக்குள்ளே எப்படிப் போச்சு?"

"மார்கழி ஸ்வர்க்கவாதில் ஏகாதசிக்கு நானும் ஆஷாவும் உபவாசம். பசி தெரியாம இருக்கப் பல்லாங்குழி ஆடினோம். நீங்க ஆபீஸிலே. உங்க குண்டையெல்லாம் கிண்ணத்திலே எடுத்து வச்சு, ஆட்டம் முடிஞ்சதும் திருப்பிக் குழியிலேயே போட்டுட்டோம். ரெண்டு சோழியோட சோழியாப் போயிடுத்து."

"எது எந்தக் குழியிலேன்னு பாத்தா போட்டேள்?"

"பெரிசெல்லாம் ஒரு பக்கம், சிறிசெல்லாம் ஒரு பக்கம். ஆஷாதான் அடுக்கினா. பாக்க நன்னா இருந்தது."

நீலகண்டன் கண்ணை மூடிக்கொண்டார். மூடின கண்ணுக்குள் பெரிய குண்டெல்லாம் சிறிய வாய்க்காலில் உட்கார்ந்து சிரித்தன.

"ஏண்டி முன்னாலேயே சொல்லலை?"

"சொல்ல வந்தேனே. பொம்மனாட்டிக்கு என்ன காரியம்னேள். சரி, விவரமுள்ளவா, தானே கண்டுபிடிப்பான்னு இருந்தேன்."

அவர் கை தட்டை நோக்கிப் போனது. தட்டு அவள் பக்கம் நகர்ந்தது.

"சாவி" என்றாள்.

"என்ன சாவி?"

"நாகர்கோவிலுக்கு நான் ஓட்டறேன்."

"மிரட்டறியா?"

"இல்லையே. பஸ்ஸிலே போனாலும் எனக்குச் சம்மதம்தான். கைலாஷ் பஸ் ஸ்டாண்டுக்கு வருவான். கார் எங்கேன்னு கேப்பான். பதில் நீங்க சொல்லிக்கோங்கோ."

நீலகண்டனுக்குக் கைலாஷின் மரியாதையான குரல் காதில் கேட்டது. சாவியை எடுத்துத் தட்டில் வைத்தார். வைத்த கை சற்று நேரம் அங்கேயே தங்கிற்று.

மறுநாள் மறுபடியும் காருக்கு அடியில் மல்லாந்து படுத்தார். வெளியே மணையில் உட்கார்ந்து பாகீரதி புஸ்தகத்தை விரித்து வைத்துக்கொண்டாள். "இடது ஓரம், பெரிசு. அதுக்கு மேலே, சிறிசு. அது இல்லே, அதுக்கு அடுத்தது. அவசரப்படாதேங்கோ" என்று அவள் படிக்கப் படிக்க, இவர் ஒவ்வொன்றாக வைத்தார்.

நாகர்கோவில் போகும் வழியெல்லாம் பாகீரதிதான் ஓட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று கியர் மாறியது தெரியவே இல்லை. மாறியது தெரியாததுதான் நீலகண்டனுக்குத் துக்கமாக இருந்தது. இத்தனை நன்றாக ஓடுகிற வண்டியில், இடது பக்கம், மடியில் பூமாலையும் பழத்தட்டுமாக அவர்.

வாசலில் கைலாஷ் காத்துநின்றான். காரைச் சுற்றி வந்தான்.

"அத்திம்பேர், நான் நம்பலை. ஒத்துக்கறேன். வெண்ணெய் மாதிரி வந்து நின்னுது. என்கிட்டேயும் கியர் தானா மாறற ஸ்கூட்டர் ஒண்ணு கிடக்கு, இழுக்கவே மாட்டேங்கறது. நாளைக்குக் கொஞ்சம் பிரிச்சுப் பாக்கறேளா?"

நீலகண்டனின் மார்பு மெல்ல விரிந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார். அதற்குள் பாகீரதி கார் கதவைச் சாத்தி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு சொன்னாள்:

"பிரிக்கறதுக்கு அவர் போதும் கைலாஷ். சேர்க்கணும்னா எனக்குச் சொல்லி அனுப்பு."