ஆறு வெள்ளை அங்கிகளும் ஒரு சிட்டிகை மஞ்சளும்

எனக்கு ஒரு வியாதி இருக்கிறது. சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்து முடித்த பிறகு, யாரும் சொல்லாத ஒன்றையும் செய்து அதைக் கெடுத்தால்தான் எனக்கு நித்திரை வரும். (என் மனிசியைக் கேட்டால் அந்த முதல் பாதியே பொய் என்பாள்.) இந்த வியாதியால் ஒருமுறை காம்பியா என்ற நாட்டையே ஒலிம்பிக் மைதானத்தில் தலைகுனிய வைக்கப் பார்த்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். லண்டனுக்கு வந்து ஒன்றரை வருடம், அகதி வழக்கு இழுத்துக்கொண்டே கிடந்தது. கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில், சிவம் அண்ணையின் லோண்டரியில் தையலும் அயனும் என் பொறுப்பு. அந்த வேலையும் போனால் எனக்குப் போக்கிடம் இல்லை.

ஒரு சனிக்கிழமை காலை, பின்ட்டா என்ற நெடிய பெண் பெரிய பையோடு கடைக்குள் வந்தாள். காம்பியாவின் நானூறு மீட்டர் ஓட்டக்காரி. ஒலிம்பிக்குக்குப் போகும் வழியில் அவர்கள் குழு இரண்டு நாள் லண்டனில் தங்கியிருந்தது. பைக்குள் தொடக்க விழா அணிவகுப்புக்கான ஆறு புத்தம்புது வெள்ளை அங்கிகள். எல்லாம் கால் தடுக்கும் நீளம். மாலை ஐந்து மணிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும், மறுநாள் காலை பிளேன்.

சிவம் அண்ணை தோர்ண்டன் ஹீத்தில் ஒரு பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்.

"ஆறையும் கட்டையாக்கி, அயன் பண்ணிக் கொழுவி வை. வேறை ஒண்டும் செய்யாதை. நீ யோசிக்கத் தொடங்கினாத்தான் எனக்குப் பயம்."

"ஓம் அண்ணை," என்றேன்.

மூன்று மணிக்கே வேலை முடிந்துவிட்டது. ஆறு அங்கிகளும் வரிசையாகத் தொங்கின. பார்க்கப் பார்க்க எனக்குக் கண் கலங்கியது. சின்ன நாடு, ஆறே ஆறு பேர், உலகமே பார்க்கப் போகிறது. அந்த உடுப்பை மஞ்சள் வைக்காமல் அனுப்புவதா? எங்கள் வீட்டில் புது உடுப்பென்றால் மூலையில் ஒரு பொட்டு மஞ்சள் வைக்காமல் உடுக்க விடமாட்டார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு லண்டனில் என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? (அவர்கள் யாரும் என்னைக் கேட்கவில்லை என்பது வேறு கதை.)

சாமிப் படத்தடியில் மஞ்சள் இருந்தது. தண்ணீரில் குழைத்து, நெஞ்சுக்கு நேரே உள்பக்கமாக ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டு வைத்தேன். கெதியாகக் காயட்டும் என்று மேலே ஆவி அயனை வைத்து அமத்தினேன். மெல்லிய பருத்தித் துணி. திருப்பிப் பார்த்தால் ஆறு நெஞ்சிலும் ஆறு மஞ்சள் வட்டங்கள்.

ஓடிப்போய் சோப் எடுத்தேன். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும் என்பது ஆரத்தி கரைத்த எவருக்கும் தெரியும். சோப்பும் அதே வேலையைப் பார்க்கும் என்பதை அன்றுதான் கண்டேன். ஒன்றில் தேய்த்துப் பார்த்திருக்கலாம். நான் மூச்சு விடாமல் ஆறையும் தேய்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன். காம்பியாக் குழு முழுவதையும் யாரோ நெஞ்சிலே சுட்டுப்போட்டது போல இருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கதவு மணி அடித்தது. பின்ட்டா ஒன்றரை மணி நேரம் முந்தி வந்து நின்றாள்.

"ஆருக்கு என்ன நடந்தது?" (அவள் கேட்டது இங்கிலிஷில். என் நினைவில் மட்டும் அவள் நல்ல யாழ்ப்பாணத் தமிழ் கதைப்பாள்.)

தெரிந்த நாற்பது இங்கிலிஷ் சொற்களையும் செலவழித்து மஞ்சளையும் மங்களத்தையும் விளக்கினேன். இதைக் கேட்டால் முதலாளி என்னைக் கலைத்துவிடுவார் என்பதையும் சொன்னேன். அழுதும்விட்டேன்.

அவள் தன் சட்டைக் கையை மேலே இழுத்தாள். மேற்கையில் சின்னத் தோல் தாயத்து.

"அம்மா கட்டிவிட்டவ. எங்கடை கோச்சுக்குத் தெரியாது. ரிபன் இருக்கோ?"

இருந்தது. அவர்கள் கொடியின் சிவப்பு, நீலம், பச்சை மூன்றும் இருந்தன. அவள் வெட்டித் தர, நான் மடித்து மடித்து ஆறு ரிபன் பூக்கள் செய்து கறைகளின் மேல் வைத்துத் தைத்தேன். கடைசிப் பூவில் நூல் அறுக்கும்போது சிவம் அண்ணை பலகாரப் பெட்டியோடு உள்ளே வந்தார்.

"இதென்ன பூ? ஆர் சொன்னது?"

"நாங்கள்தான் கேட்டனாங்கள்," என்றாள் பின்ட்டா, முகத்தில் ஒரு சுழிப்பும் இல்லாமல். போகும்போது தன் ஓட்டப் பனியனை எடுத்து என்னிடம் நீட்டி, காதுக்குள் சொன்னாள்: "இதுக்கும் ஒண்டு வை. அயன் வேண்டாம்."

தொடக்க விழாவைக் கடை டிவியில் பார்த்தோம். காம்பியா வந்தது நாலே செக்கன். ஆறு வெள்ளை அங்கி, ஆறு பூ. அறிவிப்பாளர் அதை அந்த நாட்டின் பாரம்பரிய அலங்காரம் என்று உருகினார். சிவம் அண்ணை டிவியை விட்டு மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இந்தப் பாரம்பரியம் எத்தினை மணிக்குத் தொடங்கினது?"

"மூண்டரைக்கு அண்ணை."

அவர் சிரித்த சிரிப்பில் அடுத்த கடைக்காரர் ஓடி வந்தார். முழுக் கதையையும் கேட்ட பிறகும் வேலை போகவில்லை. ஆனால் அன்றிலிருந்து மஞ்சள் டப்பா அவருடைய மேசை லாச்சிக்குள், பூட்டோடு.

இரண்டு கிழமையில் கடை விலாசத்துக்கு ஒரு போஸ்ட்கார்ட் வந்தது. "எட்டுப் பேர் ஓடினோம். நான் ஏழாவது. எட்டாவதாக வந்தவளுக்கு மஞ்சள் வைக்க ஆளில்லை, பாவம்."

எங்கள் வீட்டில் அதுதான் இன்றைக்கும் வேதவாக்கு. பரீட்சையில் கோட்டை விட்டாலும், பஸ்ஸைத் தவறவிட்டாலும், "மஞ்சள் இல்லாட்டி எட்டாவது" என்று ஆறுதல் சொல்வார்கள்.

போன மாதம் என் மகள் நேர்முகப் பரீட்சைக்கு வெள்ளைச் சட்டை வாங்கி வந்தாள். மஞ்சள் கிண்ணத்தை என் கையில் தந்தாள். அயன் பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்த் தன் அறைக்குள் வைத்துப் பூட்டினாள். விளிம்பின் உள்பக்கம், கடுகளவில் ஒரு பொட்டு வைத்துக் கொடுத்தேன்.

வேலை வேறொருத்திக்குப் போய்விட்டது. பின்னேரம் வீட்டுக்கு வந்தவள், வாசலில் சப்பாத்தைக் கழற்றியபடியே கேட்டாள்:

"அப்பா, அவளுக்கு ஆர் மஞ்சள் வைச்சது?"