கை நனைக்காமல் போனவர்களுக்குப் புதுக்கோட்டையில் சாப்பிடும் வழி

புதுக்கோட்டை
12-5-1957

மணமேல்குடி மகாராஜராஜஸ்ரீ மலையாண்டி அவர்கள் சமூகத்துக்கு, கீழ ராஜ வீதி விதைக்கடை ரெங்கசாமி கும்பிட்டு எழுதிக்கொண்டது. இங்கு மழையைத் தவிர எல்லாம் உண்டு. அங்கு தாங்களும் தங்கள் அக்கா அழகம்மாளும், மாப்பிள்ளை ஆகவேண்டிய தங்கள் மகனும் சுகமென்று நம்புகிறேன்.

சென்ற வெள்ளிக்கிழமை எங்கள் மகள் செவந்தியைப் பார்க்க வந்தீர்கள். சம்பந்தம் முடிவாகாமல் பெண் வீட்டில் கை நனைப்பதில்லை என்று ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. முறைதான், குறை சொல்லவில்லை. ஆனால் சித்திரை வெயிலில் பட்டினியாக எப்படி பஸ் ஏற்றுவது என்று கடைவீதிக்கு அழைத்துப் போனேன், அங்கேதான் எல்லாம் சறுக்கியது. ஆதப்பன் காபி கிளப்பில் இட்லி தீர்ந்துபோய்ப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள், சரி என்று மருதாயி பணியாரக் கடைக்குப் போனால் அவள், "இப்பத்தான் அடுப்ப அமத்துனேன், பொழுது சாய வாங்க" என்றாள், பலாப்பழமாவது தின்போமென்று அறுக்கச் சொன்னால் அது காய், அதன் பால் தங்கள் புது வேட்டியில் ஒட்டிக்கொண்டது. தங்கள் அக்கா, "இந்த ஊர்ல தண்ணியாச்சும் கெடைக்குமா தம்பி?" என்று கேட்டது இன்னும் என் காதில் நிற்கிறது. பஸ் ஏறும்போது தாங்கள், "ஊரப் பாத்தாச்சு, யோசிச்சு எழுதுறோம்" என்றீர்கள். பெண்ணைப் பார்த்தாச்சு என்று சொல்லவில்லை. அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. ஊர் செய்த தப்புக்கு என் மகளைத் தள்ளிவிடாதீர்கள்.

ஆகவே வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடி வாருங்கள். எங்கள் வீட்டுப் பக்கமே வரவேண்டாம், ஆனால் சாப்பிடாமல் விடமாட்டேன். முதல் பஸ்ஸில் இறங்கி நேரே ஆதப்பன் கிளப்புக்குப் போங்கள். முதல் ஈட்டு இட்லிக்கு மிளகாய்ப்பொடியை நல்லெண்ணெயில் குழைத்துத் தருவார், சாம்பார் கேட்காதீர்கள், மனம் வருந்துவார். காபி தண்ணீர் கலக்காத பாலில் கள்ளிச்சொட்டாக வேண்டுமென்று சொல்லுங்கள். அப்புறம் ஆதனக்கோட்டைக்காரர்கள் சந்தையில் முந்திரி வறுப்பார்கள், சுடச்சுட வாங்கலாம், கொட்டையின் மேலோட்டை மட்டும் பல்லால் கடிக்காதீர்கள், அதன் எண்ணெய் பட்டு உதடு வெந்துவிடும், கடித்தவன் சொல்கிறேன். மத்தியானத்துக்குப் பலாச்சுளை. இந்தத் தடவை தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, நானே அறுப்பேன். பொழுது சாய மருதாயி கடையில் வெள்ளைப் பணியாரமும் மிளகாய்த் துவையலும். போதுமென்று வாயால் சொன்னால் அவள் நம்பமாட்டாள், எழுந்து நின்றுவிட வேண்டும். அதற்குள் கடைசி பஸ் வந்துவிடும்.

தங்கள் வயலும் வீடும் என்றும் நிறைந்திருக்கட்டும். அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும்.

இப்படிக்கு,
ரெங்கசாமி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் செவந்தி இதை வாங்கிப் படித்துவிட்டாள். "ஒரு நாள் இவங்களத் திங்கவைக்கவே ஊரெல்லாம் அடுப்புப் பத்தவைக்கணும்னா, தெனமும் நான் எப்புடிப்பா திங்கவைக்கிறது? எனக்கு இந்தச் சம்பந்தம் வேணாம்" என்கிறாள். அவள் அம்மாவும் அதே பேச்சு. யோசித்தால் எனக்கும் சரியென்றுதான் படுகிறது. ஆகவே சம்பந்தம் இல்லை. இனி தங்களை எந்த முறையும் தடுக்காது, ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டிலேயே தாராளமாகக் கை நனைக்கலாம். வரும்போது மணமேல்குடி மீன் கொண்டுவாருங்கள், செவந்தி குழம்பு வைப்பாள்.