கிணற்றில் விழும் நிலாவாரை

தூத்துக்குடி,
18–7–1943

அன்புள்ள தம்பி ஏசுவடியானுக்கு, அக்காள் ஜெபகனி எழுதுவது. கொழும்பில் நீயும் ரோஸும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வழியில் இதைப் பிரித்துப் படிக்கும் தணிக்கை அதிகாரிக்கும் சுகம் உண்டாகட்டும். இதில் கப்பல் விவரம் ஒன்றும் இல்லை, வயிற்று விவரம்தான்.

நம் வீட்டுக்கு மேற்கே உள்ள உன் சரக்குக் கிட்டங்கியைத் தாணுலிங்கம் அண்ணாச்சிக்கு வாடகைக்கு விட்டாய் அல்லவா? அவர் அதில் நிலாவாரை இலை வைத்திருக்கிறார். பேதி மருந்துக்கென்று சீமைக்குப் போகும் இலை. முப்பது பெண்கள் கிட்டங்கி முற்றத்தில் உட்கார்ந்து நாளெல்லாம் புடைக்கிறார்கள், மேல்காற்று அந்தத் தூளை அள்ளி நம் வீட்டில் போடுகிறது, முதலில் கண் எரிந்தது, பிறகு இருமல் பிடித்தது, தூள் நம் கிணற்றில் விழ ஆரம்பித்ததும், அந்தத் தண்ணீரைக் குடிக்கும் தெரு முழுவதும் செம்பும் கையுமாக ஓடத் தொடங்கியது. பாடத்தை நடுவில் விட்டு நான் வகுப்பைவிட்டு வெளியேறியது இருபத்துநான்கு வருடத்தில் இதுவே முதல் தடவை.

அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். அவர் இருமி முடிக்கும்வரை காத்திருந்தேன். “டீச்சரம்மா, வெள்ளைக்காரன் காசு குடுத்துக் கப்பல்ல ஏத்திட்டுப் போற மருந்து இது. ஒங்களுக்குச் சும்மா கெடைக்கி. இதுக்குப் போயி சடைக்கியளே!” என்றார். எனக்கு அத்தாட்சி இல்லாமல் பேசிப் பழக்கமில்லை. கிணற்று வாயில் நனைத்த வெள்ளைத் துணியைக் கட்டி, மறுநாள் அது பச்சையாக இருந்ததைக் கொண்டுபோய் அவர் முன் விரித்தேன். அவர் விரலால் தொட்டுப் பார்த்தார், முகர்ந்தார், வெயிலில் காயவைத்து, ஒரு பொட்டுக்கூடச் சிந்தாமல் சாக்கில் உதறிக்கொண்டார். “நல்ல தூளு. ரெண்டாந்தரத்துல சேத்துக்கிடலாம்.” அத்துடன் என் அத்தாட்சி ஏற்றுமதியாகிவிட்டது.

இதற்குள் தெருவார் தளவாய் வைத்தியரிடம் போயிருக்கிறார்கள். வயிற்றில் கசடு நிற்கிறது, அதை இறக்கினால்தான் பேதி நிற்கும் என்று அவர் கஷாயம் கொடுத்தார். என்ன கஷாயம் என்று நீ கேட்கவே வேண்டாம். அதே இலைதான், அதே கிட்டங்கியில் வாங்கியதுதான். எதிர்வீட்டுச் சுடலைமாடத்தி தன் மூன்று வயது மகள் பகவதிக்கும் அதைப் புகட்டினாள். வேண்டாம் என்று தடுத்தேன். “நீங்க படிச்சது இங்கிலீசுல்லா டீச்சரம்மா, வைத்தியரு படிச்சது வயிறு” என்றாள். அன்று சாயங்காலம் பிள்ளையின் அரைஞாண் இடுப்பில் நிற்காமல் காலோடு கழன்று விழுந்தது. கண் உள்ளே போய்விட்டது. நான் தூக்கிக்கொண்டு வந்து, அடுத்த தெருக் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சி, உப்புப் போட்ட கஞ்சியைக் கரண்டி கரண்டியாக நான்கு நாள் ஊற்றினேன். இன்று காலை என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கினாள். பிழைத்துக்கொள்வாள். ஆனால் காற்று நிற்கவில்லை, புடைப்பதும் நிற்கவில்லை. இன்னொரு தடவை அந்தப் பிள்ளை தாங்காது.

ஆகையால் தாணுலிங்கத்தை இம்மாதமே காலி செய்யச் சொல்லி எழுது. களைத்துப் போயிருக்கிறேன். நியாயம் பேசவும் ஒரு வயிறு வேண்டியிருக்கிறது.

கர்த்தர் உன்னையும் உன் குடும்பத்தையும், முக்கியமாக உங்கள் கிணற்றையும் காப்பாராக.

இப்படிக்கு,
அன்புள்ள அக்காள்,
ஜெபகனி

பி.கு.: உறையை ஒட்டும்போது சுடலைமாடத்தி வந்தாள். விஷயத்தைச் சொன்னேன். பதறிவிட்டாள். “ஐயையோ, அண்ணாச்சியக் காலி பண்ணச் சொல்லிராதிய! எங்க வீட்டுக்காரருக்குத் தோணி வேலை இல்லாம மூணு மாசமாச்சு. நாளையிலேருந்து நானும் அங்கனதான் பொடைக்கப் போறேன்.” எனவே காலி செய்யச் சொல்ல வேண்டாம். தூள் நம் பக்கம் வராதபடி, கிழக்குப் பக்கம் சுவர் வைத்த கொட்டகைக்குள் புடைக்கச் சொல்லி அண்ணாச்சிக்கு எழுது. கிணற்றுக்கு நானே மூடி போட்டுக்கொள்கிறேன். பகலில் பகவதி என்னிடம் இருப்பாள். தலை குளித்து, சேலை மாற்றிய பிறகே பிள்ளையைத் தொட வேண்டும் என்று தாயிடம் சொன்னேன். “சரி” என்றாள். வைத்தியரிடம் நம்பிச் சொல்கிற “சரி” இல்லை அது.