அக்கா பெயரில் ஒரு மெயில் ஐடி

2005-ல் இருபது நாள் நான் என் அக்காவாக இருந்தேன். இன்றைக்கு இதற்கென்று தனிச் சட்டப் பிரிவே இருக்கிறது. அன்றைக்கு இருந்ததா என்று எனக்குத் தெரியாது. தெரியாததால்தான் அவ்வளவு பயந்தேன்.

அக்காவுக்கு மஸ்கட்டில் வேலை பார்க்கும் செட்டிகுளத்து மாப்பிள்ளையைப் பேசி முடித்திருந்தார்கள். அவர் மெயில் ஐடி கேட்டார்.

"முன்னப்பின்ன பேசாத ஆளுக்கு என்னத்தடா எழுதுறது? நீயே எதாச்சும் போட்டு வுடு" என்றாள் அக்கா.

அரியலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில் அவள் பெயரில் ஓர் ஐடி தொடங்கினேன். ஒரு 'நலமா?'வோடு நிறுத்தியிருக்கலாம். அவர் அன்றே பதில் போட்டார். நானும் போட்டேன். என்ன பிடிக்கும் என்று கேட்டார். கருவாட்டுக் குழம்பு என்று அடித்தேன். (எனக்குப் பிடிக்கும். அக்காவோ வீட்டில் கருவாடு கொதித்தால் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவாள்.)

ஒரு நாள் சென்டர்காரர் பேப்பரை நீட்டினார். பெண் பெயரில் மெயில் அனுப்பிய யாரோ ஒருவன் கைதாகியிருந்தான்.

"அடுத்தவங்க பேர்ல அனுப்புனா கேஸாம்ப்பா."

"சொந்த அக்கா பேர்லன்னா?"

என்னை மேலும் கீழும் பார்த்தார். "அக்கா புகார் குடுத்தா உள்ளதான்."

என் பெயர், அப்பா பெயர், தெரு எல்லாம் சென்டருக்கு வருகிறவர்கள் எழுதும் அவர் நோட்டில் என் கையெழுத்திலேயே இருந்தன. அதன்பின் காக்கிச் சட்டை கண்டக்டரைப் பார்த்தால்கூட அந்த பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தேன். மெயிலை நிறுத்தினேன். (நிறுத்தினால் தப்பித்துவிடலாமாம்.) பதில் வராமல் பயந்துபோன மாப்பிள்ளை, லீவு போட்டு நேரில் வந்துவிட்டார்.

"நீங்க ஆசைப்பட்டீங்கன்னு கொண்டாந்தேன்" என்று அக்காவிடம் ஒரு பார்சலை நீட்டினார். மூன்று கிலோ கருவாடு. பிரித்த அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினாள். அப்பா என்னைப் பார்த்தார்.

"நான்தாங்க எழுதுனேன். கேஸ் மட்டும் குடுத்துடாதீங்க, டிகிரி முடிக்கணும்" என்றேன்.

மாப்பிள்ளைக்கு முகம் வெளுத்துவிட்டது. "எல்லாமே நீயா?"

"எல்லாமே."

"என்னை நெனச்சா தூக்கம் வரலன்னு எழுதுனது?"

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

கொல்லையிலிருந்து திரும்பிய அக்காதான் பேசினாள். "உங்களுக்குக் கருவாடு புடிக்குங்களா?"

"சுத்தமா ஆவாதுங்க. உங்களுக்காக ஒரு வாரமா தின்னு பழகுனேன்."

அக்கா சிரித்துவிட்டாள். அடுத்த மாதமே கல்யாணம்.

இன்றும் அவர்களுக்குள் சண்டை வந்தால் மாமா எனக்குப் போன் போட்டு, அக்கா காதில் விழும்படி ஸ்பீக்கரில் வைக்கிறார்.

"தம்பி, எனக்கு மெயில் போட்ட புள்ள இப்புடியெல்லாம் பேசாது. அது இருந்தா போனைக் கொஞ்சம் அதுகிட்ட குடு."